சொன்னது யார், நினைத்தது யார்: கதையில் பேச்சும் மனவோட்டமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் சிறுகதையோ நாவலோ எழுதுகிறவர்களுக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டுகளுக்கு ஒரே சூழலை எடுத்துக்கொண்டிருக்கிறோம். சரோஜாவின் அம்மா இறந்து சில மாதம் ஆகிறது. வீடு சரோஜாவுக்கும் அண்ணன் ராஜாங்கத்துக்கும் பொது. வீட்டில் அவள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு அண்ணன் வந்திருக்கிறார்.

பாத்திரத்தின் பேச்சையும் நினைப்பையும் எழுத எத்தனை வழி இருக்கிறது?

பள்ளிக்கூடத்தில் நேர்கூற்று, அயற்கூற்று என்று இரண்டு படித்திருப்போம். கதைக்கு இந்த இரண்டு போதாது. அண்ணன் பேசியதையே எடுத்துக்கொள்வோம்.

“நாளைக்குப் பத்து மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்துடு” என்றார் அண்ணன். இது நேர்கூற்று.

மறுநாள் பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்துக்கு வரும்படி அண்ணன் சொன்னார். இது அயற்கூற்று.

அண்ணன் வந்த காரியத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். இதில் பேச்சு நடந்த செய்தி மட்டும் இருக்கிறது, பேசிய சொல் ஒன்றுகூட இல்லை.

நினைப்புக்கும் இப்படியே. ‘நான் ஏன் வரணும்?’ என்று நினைத்தாள். தான் ஏன் போக வேண்டும் என்று நினைத்தாள். இவற்றுக்கு நடுவே இன்னொன்று உண்டு: சரோஜா பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். அவள் ஏன் போக வேண்டும்? அம்மா படுக்கையில் கிடந்த ஏழு மாசத்தில் ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பாரா இந்த அண்ணன்?

கடைசியில் ‘நினைத்தாள்’ கிடையாது, மேற்கோள்குறி கிடையாது. ‘அவள்’ கதைசொல்லியின் சொல், ‘இந்த அண்ணன்’ சரோஜாவின் சொல். பிரெஞ்சு உரைநடையில் இப்படி இரண்டு குரல் ஒரே வாக்கியத்தில் கலப்பதற்கு ஜெனீவா மொழியியலாளர் சார்ல் பாலி 1912இல் ஒரு பெயர் வைத்தார். தமிழில் ஒரே பெயர் இன்னும் நிலைக்கவில்லை. இங்கே ‘கலந்த கூற்று’ என்று சொல்கிறோம்.

எந்த வழியில் எழுதினாலும் ஒவ்வொரு வாக்கியத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சொல் யாருடையது?

எப்போது நேர்கூற்று, எப்போது அயற்கூற்று?

சொன்ன விதத்தில் ஏதாவது இருந்தால் நேர்கூற்று. சொன்ன செய்தி மட்டும் போதும் என்றால் அயற்கூற்று. வரவேற்பு, நலம் விசாரிப்பு, காபி வேண்டுமா வேண்டாமா, வழி கேட்பது, வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததை இன்னொரு பாத்திரத்துக்குச் சொல்வது எல்லாம் ஒரு வரியில் சுருங்க வேண்டியவை. “நடந்ததையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னாள்” என்று எழுதிவிட்டு, பெரியம்மா அதற்குச் சொன்ன பதிலை நேர்கூற்றாக வையுங்கள். அந்தப் பதிலுக்குத்தான் வாசகர் காத்திருக்கிறார்.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். “வாங்கண்ணே, உக்காருங்க, அண்ணி சௌக்கியமா?” என்று அரைப் பக்கம் போகும். சண்டை தொடங்கும் இடத்தில் “இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது” என்று ஒரு வரியில் முடிந்துவிடும். காட்சியே அந்த வாக்குவாதம்தான்.

அயற்கூற்றில் என்னென்ன மாற வேண்டும்?

இலக்கணப் பாடத்தின்படி நான் என்பது தான் ஆகும், இது அது ஆகும், ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆகும், இன்று அன்று ஆகும். ‘-ஆகச் சொன்னார்’, ‘-படி சொன்னார்’ என்று முடிக்கும்போது இதெல்லாம் பொருந்தும். ‘என்று’ போட்டு முடிக்கும்போது தமிழ் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. “அண்ணன் நாளைக்கு வருவார் என்று நினைத்தாள்” என்பதில் நினைத்தது இறந்தகாலம், வருவது எதிர்காலம். உள்ளே இருக்கும் வினை தன் காலத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

ஆகவே சிக்கல் காலத்தில் வராது, ‘நான்’, ‘தான்’ என்ற இரண்டு சொல்லில் வரும். சரோஜாவே கதை சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்: “நான் ஏமாற்றிவிட்டேன் என்று அண்ணன் சொன்னார்.” ஏமாற்றியது யார்? அண்ணன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா, தங்கை மேல் பழி போடுகிறாரா? இரண்டு பொருளும் நிற்கும். ‘தான் ஏமாற்றிவிட்டதாக’ என்றால் அண்ணன், ‘நான் ஏமாற்றிவிட்டதாக’ என்றால் சரோஜா. தன்மையில் கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ‘-ஆக’ வடிவத்துக்கு மாறிவிடுவது நல்லது.

‘தான்’ என்பதில் இடைவெளியும் பொருளை மாற்றும். “அண்ணன் தான் ஏமாற்றியதாகச் சொன்னார்” என்றால் அண்ணன் தன்னைப் பற்றிச் சொல்கிறார். “அண்ணன்தான் ஏமாற்றியதாகச் சொன்னார்” என்று சேர்த்தால், வேறு யாரோ அண்ணனைக் குற்றம் சொல்கிறார். மெய்ப்புப் பார்க்கும்போது ‘தான்’ ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். தட்டச்சில் இந்த இடைவெளி தவறிப்போவது மிகச் சாதாரணம்.

கலந்த கூற்றை எப்படி எழுதுவது?

தமிழ் இதற்கு இயல்பாகவே இடம் கொடுக்கிறது. காரணம், நம் வினைமுற்றுகளில் சில யாரையும் காட்டாதவை. முடியாது, வேண்டும், கூடாது, இல்லை, போதும், -அட்டும் இவற்றில் நான், நீ, அவள் என்ற விகுதி கிடையாது. எழுவாயையும் விட்டுவிட்டால் வாக்கியம் கதைசொல்லிக்கும் பாத்திரத்துக்கும் பொதுவாகிவிடுகிறது. இந்தப் பத்தியைப் பாருங்கள்:

சரோஜா அடுப்பை அணைத்தாள். நாளைக்குப் பத்து மணி. போகாமல் இருக்க முடியாது. போனால்தான் என்ன ஆகிவிடும்? இந்தக் கையெழுத்து ஒன்றுதானே வேண்டும் இவருக்கு. வாங்கிக்கொண்டு போகட்டும். தையல் மிஷினை மட்டும் கொடுக்கக் கூடாது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

நடுவில் உள்ள ஆறு வாக்கியங்களில் நானும் இல்லை, அவளும் இல்லை. ‘நாளைக்கு’, ‘இந்த’, ‘இவருக்கு’ மூன்றும் சரோஜா நிற்கும் இடத்திலிருந்து அளந்தவை. அவற்றை ‘மறுநாள்’, ‘அந்த’, ‘அவருக்கு’ என்று மாற்றிப் பாருங்கள், குரல் உடனே கதைசொல்லியிடம் போய்விடும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் ‘-ஆள்’ விகுதியோடு இருப்பதையும் கவனியுங்கள். அவை கதவு மாதிரி. ஒரு செயலைச் சொல்லி மனசுக்குள் நுழைகிறோம், இன்னொரு செயலைச் சொல்லி வெளியே வருகிறோம்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஒன்று, நடுவில் ‘நான்’ தவறி விழுவது. இரண்டாவது, பாத்திரத்தின் வாயில் வராத சொல். ‘தாயின் நினைவுச் சின்னமாக விளங்கிய தையல் இயந்திரம்’ என்று எழுதினால் சரோஜா காணாமல் போய்விடுவாள். அவளுக்கு அது தையல் மிஷின். மூன்றாவது, தகவல் திணிப்பது. ‘பன்னிரண்டு வருடங்களுக்கு முன் திருமணமாகி இரண்டு குழந்தைகளுக்குத் தாயான அவள் இதை எப்படிப் பொறுப்பாள்?’ என்று தன்னைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. வாசகருக்குச் சொல்ல வேண்டிய முன்கதையைக் கதைசொல்லியின் குரலிலேயே சொல்லிவிடுங்கள்.

மேற்கோள்குறி போட்டே ஆக வேண்டுமா?

ஓலைச்சுவடியில் மேற்கோள்குறி கிடையாது. பேச்சு முடிந்ததைக் காட்டுவதற்கு ‘என’, ‘என்று’ இருந்தன. தொல்காப்பிய இடையியல் ‘என’ என்ற சொல்லுக்குத் தனி நூற்பாவே வைத்திருக்கிறது. இன்றும் தமிழில் ‘என்று’ மூடும் குறியின் வேலையைச் செய்கிறது. நமக்கு இல்லாதது திறக்கும் குறி. பேச்சு எங்கே தொடங்கியது என்பது சொல்லால் தெரிவதில்லை.

“அம்மா அப்பா வரட்டும் என்றாள்” என்ற வாக்கியத்தில் அப்பா வரட்டும் என்று அம்மா சொன்னாளா? அம்மா, அப்பா இருவரும் வரட்டும் என்று மகள் சொன்னாளா? குறி இல்லாமல் எழுத விரும்பினால் சொன்னவரைக் கடைசிக்குத் தள்ளுங்கள்: அப்பா வரட்டும் என்றாள் அம்மா. பேச்சு வாக்கியத்தின் தொடக்கத்திலேயே தொடங்கிவிடுவதால் திறக்கும் குறி தேவைப்படாது. குறியில்லாமல் நன்றாக எழுதுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். நீண்ட உரையாடலுக்கு அந்த முறை கடினம். முதல் நாவலுக்கு இரட்டை மேற்கோள்குறியே போதும்.

குறிக்குள் முற்றுப்புள்ளி, காற்புள்ளி பற்றி: “வருகிறேன்” என்றார் என்பதில் உள்ளே எதுவும் வேண்டாம். கேள்விக்குறி, வியப்புக்குறி மட்டும் உள்ளே வரும். ஒரே ஆள் இரண்டு மூன்று பத்திக்குப் பேசினால் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறக்கும் குறி, கடைசிப் பத்தியில் மட்டும் மூடும் குறி.

நினைப்புக்கு ஒற்றை மேற்கோளா, சாய்வெழுத்தா?

சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது தனியாக வரையப்பட்டிருப்பதில்லை, மென்பொருள் நேரெழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது. கொம்பும் சுழியும் கோணலாகி நாலு வரிக்கு மேல் கண் உறுத்தும். ஒரு வரி நினைப்புக்கு ஒற்றை மேற்கோள், அதற்கு மேல் போனால் கலந்த கூற்று.

‘என்றான்’, ‘என்றாள்’ திரும்பத் திரும்ப வருகிறதே, வேறு சொல் போடலாமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ‘என்றான்’ கண்ணில் படாமல் கடந்துபோகும் சொல். வினவினான், பகர்ந்தான், கர்ஜித்தான், முழங்கினான் என்று மாற்றிக்கொண்டே போனால் வாசகர் பேச்சை விட்டுவிட்டு அந்த வினைகளைப் பார்க்கத் தொடங்குவார். ‘கோபமாகக் கத்தினான்’ என்று எழுத நேர்ந்தால் முதலில் அந்தப் பேச்சைத் திரும்பப் படியுங்கள். பேச்சிலேயே கோபம் இருந்தால் அந்த இரண்டு சொல்லும் தேவையில்லை.

சலிப்பு வருவதற்கு உண்மையான காரணம் சொல்லைவிட இடம்தான். பத்து வரியும் ‘என்று அவன் கூறினான்’ என்று ஒரே மாதிரி முடிந்தால் தாளம் அடிக்கும். மூன்று மாற்று இருக்கிறது. ‘என்றாள் சரோஜா’ என்று சுருக்கலாம். பேச்சின் நடுவில் வைக்கலாம்: “வேண்டாம்” என்றாள். “எனக்கு இந்த வீட்டுல ஒண்ணும் வேண்டாம்.” அல்லது ‘என்று’ இல்லாமலே ஒரு செயலை ஒட்டலாம்: அண்ணன் கைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து விரித்தார். “படிச்சுப் பாத்துக்கோ.” செயலைச் செய்தவரே பேசினார் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். ஆகவே சரோஜாவின் செயலையும் அண்ணனின் பேச்சையும் ஒரே பத்தியில் வைக்காதீர்கள்.

யார் பேசுகிறார் என்று சொல்லாமல் எத்தனை வரி போகலாம்?

இருவர் மட்டும் என்றால் ஐந்தாறு வரி தாராளமாகப் போகலாம். மூவர் இருந்தால் இரண்டு வரிக்கு ஒருமுறை அடையாளம் வேண்டும். தமிழில் இதற்குமேலும் ஒரு வசதி இருக்கிறது. வா, வாங்க, வாடி, வாம்மா என்ற ஒரே வினையே யார் யாரிடம் பேசுகிறார் என்று காட்டிவிடும்.

“கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு.”

“மிஷின் யாருக்குண்ணே?”

“எந்த மிஷின்?”

“அம்மா தச்ச மிஷின். அத எழுதியிருக்கீங்களா இதுல?”

“பழைய இரும்பும்மா அது.”

ஒரு பெயர்கூட இல்லை, குழப்பமும் இல்லை. அண்ணே, -ங்க, -ம்மா மூன்றும் போதும். ஆனால் வரிக்கு வரி “அண்ணே” வேண்டாம். நேரில் பேசுகிறவர்கள் அழைக்கும்போது, கெஞ்சும்போது, கோபப்படும்போது முறைப்பெயரைச் சொல்வார்கள், மற்றபடி விட்டுவிடுவார்கள்.

மரியாதை மாறும் இடம் கதையில் ஒரு நிகழ்ச்சி. முப்பது பக்கம் ‘நீங்க’ என்று சொன்ன சரோஜா ஒரு வரியில் ‘நீ’ என்றால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். அதன்பின் ‘என்று மரியாதையை விட்டுக் கேட்டாள்’ என்று விளக்காதீர்கள். அது போல, கவனக்குறைவாக ‘நீ’யும் ‘நீங்க’ளும் மாறி மாறி வந்தால் வாசகர் இல்லாத சண்டையைத் தேடத் தொடங்குவார்.

‘நினைத்தாள்’, ‘தோன்றியது’ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ‘அவள் நினைத்தாள்’ என்பதில் நினைப்பை அவள் செய்கிறாள். ‘அவளுக்குத் தோன்றியது’, ‘அவளுக்குப் பட்டது’ என்பதில் நினைப்பு அவளுக்கு நேர்கிறது. ஒரு முடிவுக்கு வரும் இடத்தில் ‘நினைத்தாள்’ பொருந்தும். திடீரென்று மனசில் விழும் சந்தேகத்துக்குத் ‘தோன்றியது’ பொருந்தும். ‘அழ வேண்டும் போலிருந்தது’ என்பது இன்னும் தள்ளி, சொல்லாக உருவாகாத உணர்வுக்கு. ‘வந்துவிட்டாரோ’ என்று ஓகாரத்தைச் சேர்த்தால் நினைத்தாள் என்றே எழுத வேண்டாம், ஐயம் அவளுடையது என்பது அந்த ஓர் எழுத்திலேயே தெரிந்துவிடும்.

‘கொள்’ என்ற துணைவினையையும் பாருங்கள். ‘சொன்னாள்’ என்றால் கேட்க ஆள் இருக்கிறது, ‘சொல்லிக்கொண்டாள்’ என்றால் தனக்குள். அதனால் ‘தன் மனத்துக்குள் தானே சொல்லிக்கொண்டாள்’ என்பதில் பாதி மிகை.

‘-ஆம்’ எப்போது பயன்படும்?

பிறர் சொன்னதைச் சொல்லும் மிகச் சிறிய கருவி அது. ‘அண்ணிக்கு உடம்பு சரியில்லையாம். அதனால்தான் சாவுக்கு வரவில்லையாம்.’ வேறு யாரோ சொன்னது என்பது தெரிகிறது, சரோஜா அதை நம்பவில்லை என்பதும் தெரிகிறது. நம்பாமைக்குத் தனி வாக்கியம் வேண்டியிருக்கவில்லை. தொடர்ந்து மூன்று நான்குக்கு மேல் வந்தால் திண்ணைப் பேச்சின் வாசனை அடிக்கும். அதுதான் வேண்டுமென்றால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

பேச்சுத்தமிழை எழுத்தில் எவ்வளவு தூரம் கொண்டுவருவது?

காதில் விழுவதை முழுக்க எழுத முடியாது. எழுதினால் படிக்க முடியாது. முதலில் கவனிக்க வேண்டியது, பேச்சில் ஒன்றாகிவிடும் சொற்கள். ‘போனா’ என்பது போனாள், போனால் இரண்டுக்கும் வரும். ‘சொல்லிட்டா’ என்பது சொல்லிவிட்டாள், சொல்லிவிட்டால். பேச்சில் குரலும் இடைவெளியும் பிரித்துக்காட்டும், தாளில் அது இல்லை. “அவ சொல்லிட்டா நான் போவேன்” என்பதற்கு என்ன பொருள்? “அவ சொல்லிட்டா. நான் போறேன்” என்று பிரியுங்கள், அல்லது “அவ சொன்னா நான் போவேன்” என்று நிபந்தனையைத் தெளிவாக்குங்கள். ஆண்பாலில் பேச்சு ஒலி மூக்கோசையாகத் தேய்ந்தாலும் ‘வந்தான்’ என்று னகர மெய்யோடு எழுதுவதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது, வட்டாரத்தைக் காட்டும் அடையாளங்களை அளவோடு எடுப்பது. ‘என்று’ என்ற சொல்லே ஊரைக் காட்டும்: தமிழ்நாட்டுப் பேச்சில் ‘ன்னு’, யாழ்ப்பாணத்தில் ‘எண்டு’. தொடர்ந்து நடப்பதைச் சொல்லும் வினையும் அப்படித்தான்: மதுரைப் பக்கம் ‘வந்துக்கிட்டு’, பிராமணர் பேச்சில் ‘வந்துண்டு’. யாழ்ப்பாணத்தில் ‘வருகினம்’ என்ற ஒரு சொல் போதும், பத்துச் சொல்லைத் திரிக்க வேண்டாம்.

எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் பத்துச் சொல் கொண்ட பட்டியல் போடுங்கள். வேண்டும், இருக்கிறது, என்று, கொண்டு, அங்கே, எப்படி, இல்லையா போல அடிக்கடி வருபவை. ‘வேணும்’ என்றால் கடைசிவரை ‘வேணும்’. ஒரு பக்கத்தில் ‘வேணும்’, அடுத்த பக்கத்தில் ‘வோணும்’, பிறகு ‘வேண்டும்’ என்று போனால் வாசகர் பாத்திரத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு எழுத்துப்பிழையைப் பார்க்கத் தொடங்குவார்.

வேலைக்காரர், கிராமத்துக்காரர் மட்டும் வட்டார வழக்கில் பேசலாமா?

கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. டாக்டரும் ஆசிரியரும் தூய நடையில் பேச, பூக்காரம்மா மட்டும் உச்சரிப்பைச் சிதைத்துப் பேசுவது போல எழுதினால், அந்த அம்மாளை எழுத்து தாழ்த்துகிறது. டாக்டரும் வீட்டில் “என்னங்கடா பண்றீங்க” என்றுதான் கேட்பார். எல்லோருக்கும் பேச்சு உண்டு. வேறுபாடு சொல் தேர்விலும் வாக்கிய நீளத்திலும் வரட்டும், எழுத்துச் சிதைவில் வர வேண்டாம்.

நமக்கு இதில் நல்ல மரபு இருக்கிறது. 1879இல் வந்த முதல் தமிழ் நாவல் ‘பிரதாப முதலியார் சரித்திரத்தில்’ பாத்திரங்கள் பெரும்பாலும் கதைசொல்லியின் நடையிலேயே பேசுகிறார்கள். 1893இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராகத் தொடங்கிய ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரத்தில்’ வீட்டுப் பேச்சு காதில் விழுகிறது. 1942இல் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்கு நாட்டு உழவர் வீட்டுப் பேச்சை நாவலின் நடுவுக்குக் கொண்டுவந்தது. வழக்குப் பேச்சு அதில் ஓரத்தில் நிற்கும் ஆளுக்கு ஒட்டிய வண்ணமாக இல்லை. கதையின் மையத்தில் நிற்பவளின் மொழியாக இருக்கிறது.

கதைசொல்லியும் பேச்சுத்தமிழிலேயே சொல்லலாமா?

சொல்லலாம். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுக் கதைசொல்லியின் குரலிலேயே எழுதிக்காட்டினார். ஆனால் ஒன்றை இழப்பீர்கள். கதைசொல்லி எழுத்துத்தமிழிலும் பாத்திரம் பேச்சுத்தமிழிலும் இருந்தால் யார் குரல் என்பது ஒலியிலேயே பிரிந்துவிடும். இருவரும் ஒரே வழக்கில் பேசினால் அந்த வேலி போய்விடும், ஆகவே மேற்கோள்குறியையும் ‘என்றான்’களையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

எழுத்துத்தமிழ்க் கதையில் கலந்த கூற்று எழுதும்போது இந்தக் கேள்வி சிறிய அளவில் வரும். ‘ஏழு மாதத்தில்’ என்பதா, ‘ஏழு மாசத்தில்’ என்பதா? வினை முடிவுகளை எழுத்துத்தமிழில் வைத்துக்கொண்டு பெயர்ச்சொற்களை மட்டும் பாத்திரத்தின் வாயிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் சரியாக அமைகிறது: மாசம், மிஷின், தடவை.

பார்வை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் தாவிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முறைப்பெயரைப் பாருங்கள். சரோஜாவின் பார்வையில் போகும் பத்தியில் அவர் ‘அண்ணன்’. திடீரென்று ‘ராஜாங்கம் எரிச்சலோடு யோசித்தார்’ என்று வந்தால் சரோஜாவின் தலையிலிருந்து குதித்துவிட்டீர்கள். ‘சரோஜாவின் கண்கள் கலங்கிச் சிவந்திருந்தன’ என்பதும் அப்படியே. தன் கண் சிவந்ததை அவள் எப்படிப் பார்ப்பாள்? கண் எரிந்தது என்றால் அவளுடையது.

வா, போ இரண்டும் நல்ல சோதனை. ‘அண்ணன் கூடத்துக்கு வந்தார்’ என்றால் நாம் கூடத்தில் இருக்கிறோம். ‘கூடத்துக்குப் போனார்’ என்றால் அடுக்களையில் இருக்கிறோம். கதைசொல்லி தரும் மரியாதையும் கணக்கில் வரும். வெளியே ‘வாங்கண்ணே’ என்று பேசுகிறவளின் மனவோட்டத்தில் ‘வந்துவிட்டான், பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு’ என்று ஒருமை வந்தால், அந்த ஒரு விகுதி ஒரு பத்தி விளக்கத்துக்குச் சமம்.

பார்வையை மாற்றவே கூடாது என்பதில்லை. மாற்றும் இடத்தில் ஒரு வரி இடைவெளி விடுங்கள், புதிய பத்தியின் முதல் வாக்கியத்திலேயே யாருடன் இருக்கிறோம் என்று காட்டிவிடுங்கள்.

நனவோடை என்பது என்ன? கலந்த கூற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது?

கலந்த கூற்றில் கதைசொல்லி ஓரமாக நிற்கிறார், வாக்கியங்கள் முடிவடைகின்றன. நனவோடையில் அவரும் இல்லை. நினைப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒலியாலும் வாசனையாலும் தாவுகிறது, வாக்கியம் பாதியில் அறுகிறது. வெறும் முப்புள்ளிகளை அள்ளித் தெளித்தால் அது நனவோடை ஆகிவிடாது. ஒவ்வொரு தாவலுக்கும் பாத்திரத்துக்குள் ஒரு காரணம் வேண்டும். ஐந்தாறு வரிக்கு ஒருமுறை பொருள் ஒன்று, சத்தம் ஒன்று என்று வெளியுலகத்தைத் தொட்டுப் போனால் வாசகர் வழி தவற மாட்டார்.

இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த உத்திகள்தானே?

நாவல் அங்கிருந்து வந்தது. பிறர் குரலில் பேசுவது நம்மிடம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. குறுந்தொகைப் பாடல்களில் கவிஞர் தன் குரலில் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று என்று ஒவ்வொரு பாட்டும் ஒரு பாத்திரத்தின் பேச்சு. மனசோடு பேசுவதற்குத் திருக்குறளில் தனி அதிகாரமே இருக்கிறது: 125ஆவது, நெஞ்சொடு கிளத்தல். தலைவி தன் நெஞ்சை எதிரே நிற்கும் ஆளாக வைத்துக் கேள்வி கேட்கிறாள். ஒற்றை மேற்கோளுக்குள் ‘ஏன் மனசே’ என்று இன்று எழுதுகிறவர் அந்த வழியில்தான் நிற்கிறார்.

போன் பேச்சும் வாட்ஸப்பும்?

போனில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுங்கள். மறுபக்கம் என்ன சொல்லியிருக்கும் என்று வாசகரே ஊகித்துக்கொள்வார். “என்னது, நாளைக்கேவா?” என்று திரும்பச் சொல்லவைப்பது ஒரு தடவைக்குமேல் செயற்கை. வாட்ஸப் செய்தியைத் தனி வரியில் வைத்து, ‘என்று வந்திருந்தது’ அல்லது ‘என்று அனுப்பியிருந்தார்’ என்று முடியுங்கள். அனுப்பியதற்கு ‘என்றார்’ பொருந்தாது, குரல் கேட்டது போல ஆகிவிடும்.

எழுதி முடித்த பிறகு எப்படிச் சரிபார்ப்பது?

ஒரு காட்சியை அச்செடுத்து மூன்று நிறப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொன்னதற்கு ஒன்று, மனசில் நினைத்ததற்கு ஒன்று, கதைசொல்லியின் சொல்லுக்கு ஒன்று. கை தயங்கும் வாக்கியங்களை வட்டமிடுங்கள். தயக்கம் இரண்டு வகை. இரண்டு குரலும் வேண்டுமென்றே கலந்திருந்தால் விட்டுவிடுங்கள். யாருடையது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் திருத்துங்கள்.

பிறகு பேச்சுகளை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே வாக்கியம் எழுத்துத்தமிழில் யோசிக்கப்பட்டுப் பேச்சுத்தமிழுக்கு மாற்றப்பட்டிருக்கும். ‘அம்மா தச்ச மிஷினாக இருந்த காரணத்தினால அத நான் கேக்குறேன்’ என்பது அப்படிப்பட்டது. வினையெச்சங்களை ‘-ட்டு’, ‘-ல’ என்று மாற்றினால் மட்டும் பேச்சு ஆகாது. வாயில் அது இரண்டு வாக்கியமாக வரும்: “அது அம்மா தச்சது. எனக்கு வேணும்.”

பாத்திரம் பதில் சொல்லாமல் இருப்பதை எப்படி எழுதுவது?

‘அவள் மௌனம் காத்தாள்’ என்று எழுதினால் மௌனத்துக்கும் சத்தம் வந்துவிடும். பதில் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது நடக்கட்டும்.

தமிழில் பேசாமல் பேச ‘ம்’ இருக்கிறது. அதை ஒரே மாதிரி எழுதாதீர்கள். கதை கேட்பவர் கொட்டும் ‘ம்’ வேறு, சம்மதிக்கும் ‘ம்ம்’ வேறு, மறுக்கும் ‘ம்ஹூம்’ வேறு, சரியாகக் கேட்காமல் திரும்பக் கேட்கும் ‘ம்?’ வேறு. முப்புள்ளியைச் சேர்த்தால் இழுபறி வரும், முற்றுப்புள்ளி வைத்தால் பேச்சு அடைபடும்.

“அப்ப நாளைக்கு வந்துடுற.”

“ம்.”

“பத்து மணிக்கு.”

சரோஜா தையல் மிஷினின் மேல்மூடியைத் திறந்தாள். ஊசியில் அம்மா கோத்த நீல நூல் அப்படியே இருந்தது.